முகம் ஒத்துப்போகவில்லை

போட்டோக்காரரின் மனைவியை அந்தக் கேமராவுக்கு அடையாளம் தெரியவில்லை. திங்கட்கிழமை தெரியவில்லை, புதன்கிழமையும் தெரியவில்லை. இரண்டு நாளும் அரசு டயாலிசிஸ் மையத்தின் வாசலில், புதிதாக மாட்டிய அந்தக் கருப்புப் பெட்டிக்கு முன்னால் அவள் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. ஒன்றுக்கு மூன்று தடவையாகச் சிமிட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "முகம் ஒத்துப்போகவில்லை. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கொஞ்சியது.

ஒத்துப்போகாததில் அதிசயம் என்ன இருக்கிறது? சிறுநீரகம் கைவிட்ட உடம்பு. நீர் கோத்துக் கன்னம் உப்பி, கண் இடுங்கிப் போயிருந்தது. அந்த வீக்கம் வடிய வேண்டுமென்றால் டயாலிசிஸ் செய்ய வேண்டும். டயாலிசிஸ் செய்ய வேண்டுமென்றால் பச்சை விளக்கு எரிய வேண்டும். பச்சை விளக்கு எரிய வேண்டுமென்றால் வீக்கம் வடிந்திருக்க வேண்டும். போன வாரம்வரை நர்ஸ் ஒரு நோட்டில் டிக் போட்டுவிட்டு ஊசியைக் குத்திக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை யாரோ வந்து சேவையை மேம்படுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

"எனக்குத் தெரியாதாண்ணே அக்காவை? மூணு வருஷமா நான்தானே குத்துறேன்" என்றார் நர்ஸ். "ஆனா பில்டர், டியூப் எல்லாம் அந்த அலமாரிக்குள்ள இருக்கு. பச்சை வந்தாத்தான் பூட்டே திறக்கும். என்னைச் சாவி வச்சுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"வேற வழியே இல்லையாம்மா?"

"இயக்குநர் நினைச்சாத் திறக்கலாம். அவர் போன்ல ஒரு பட்டன் இருக்காம். ஒரே அழுத்து, அவ்வளவுதான்." நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள மெஷின்ல ஏத்திடணும்ணே. சனி, ஞாயிறு மூடிடுவாங்க. அக்காவுக்கு இப்பவே மூச்சு வாங்குது. திங்கக்கிழமைவரைக்கும்லாம்..." ஊசித் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

போட்டோக்காரர் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அரசுப் பட்டியலில் இருக்கும் நோயாளியைத் தொட வேண்டுமென்றால் விடுவிப்புக் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும்? அதே இயக்குநர்.

வியாழக்கிழமை காலையில் இயக்குநரின் அலுவலகத்துக்குப் போனால் கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு அட்டை: 'நாங்கள் இப்போது ஆன்லைனில் இருக்கிறோம்.' வாட்ச்மேன் மட்டும் நேரில் இருந்தார்.

"ஐயா எப்ப வருவாரு?"

"எங்க வர்றது? நாளைக்கு மாநாடு. 'மக்களை நெருங்குவோம்'னு போட்டிருக்காங்க பாருங்க, அரசுப் பணியில தொழில்நுட்பம், சமூக ஊடகம், எல்லாரும் எல்லாரோடயும் பழகிக்கறது..."

"அதுக்கு மறுநாள்?"

"மாநாடு நல்லா நடந்ததுக்குப் பாராட்டு மாநாடு."

"நான் மாநாட்டுக்கே போய்ப் பார்த்துக்கறேன்."

வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மக்களை நெருங்குற மாநாட்டுல மக்களை விடுவாங்களா? அதிகாரிங்க போலாம், கம்பெனிக்காரங்க போலாம். இல்லேன்னா தன்னார்வலரா எழுதிக் கொடுங்க. நாற்காலி தூக்க ஆள் தேடிட்டுத்தான் இருக்காங்க."

அப்படித்தான் போட்டோக்காரர் தன் ஐம்பத்திரண்டாவது வயதில் தன்னார்வலர் ஆனார். விண்ணப்பத்தில், 'உங்களைச் சேவை செய்யத் தூண்டியது எது?' என்று ஒரு கேள்வி இருந்தது. வெகுநேரம் யோசித்து 'ஆர்வம்' என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மண்டப வாசலில் ஆஜர். மனைவியை மகள் ஆட்டோவில் மையத்துக்குக் கூட்டிப் போயிருந்தாள். எந்த நேரம் பச்சை வந்தாலும் ஆள் அங்கே தயாராக இருக்க வேண்டும் அல்லவா? "போன உடனே அவரைப் பார்த்துடுவீங்களாப்பா?" என்று மகள் கேட்டிருந்தாள். "ஒரே மண்டபத்துலதானே இருக்கப் போறோம், எங்க போயிடுவாரு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

தன்னார்வலர்களுக்கு ஆளுக்கொரு மஞ்சள் டீ-சர்ட் கொடுத்தார்கள். நெஞ்சில் 'நாங்கள் கேட்கிறோம்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஒருங்கிணைப்பாளர் அம்மாள் மேசைமேல் ஏறி நின்று விதிகளைப் படித்தார். காதில் ஒன்று, கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று மூன்று போன்கள் வைத்திருந்தார்.

"பேராளர்கள்கிட்ட நீங்களாப் போய்ப் பேசக் கூடாது. அவங்க பேசினா சிரிக்கணும். பல் தெரியச் சிரிக்கணும், ஆனா சத்தம் வரக் கூடாது. உங்க சொந்தக் கதை எதுவும் இங்க வேண்டாம். இது பழகுறதுக்கான இடம், புரியுதா?"

எல்லோரும் பல் தெரியச் சிரித்தார்கள்.

போட்டோக்காரருக்குப் பக்கத்தில் நின்ற அம்மாளின் டீ-சர்ட் வயிற்றுப் பக்கம் சதுரமாகப் புடைத்திருந்தது. உள்ளே பைல். அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் ரகசியமாகச் சொன்னாள்: "என் வீடு மேப்புல ஏரிக்குள்ள இருக்குங்க. மூணு வருஷமா தண்ணிக்கு நடுவுலதான் குடியிருக்கேன்னு கரண்ட் ஆபீஸ்ல சொல்றாங்க. இது எனக்கு ஆறாவது மாநாடு. உங்களுக்கு?"

"முதல் தடவை."

"சுத்திப் பாருங்க. எத்தனை வயிறு சதுரமா இருக்குன்னு."

பார்த்தார். அட தெய்வமே! நாற்பது மஞ்சள் டீ-சர்ட்டில் முப்பதுக்குமேல் சதுரமாக இருந்தது. தொண்டு செய்ய வந்த ஆள் அங்கே அபூர்வம். நாட்டில் இருக்கிற புகார்க்காரர்கள் எல்லாம் நாற்காலி தூக்குகிற சாக்கில் உள்ளே நுழைந்திருந்தார்கள். அந்த அம்மாளுக்கு அவர் மனசுக்குள் 'ஏரி அக்கா' என்று பேர் வைத்துக்கொண்டார்.

போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்ததால் அவருக்கு நாற்காலி தூக்கும் வேலை கிடைக்கவில்லை. அதைவிட முக்கியமான வேலை கிடைத்தது. மண்டபத்தில் ஐந்நூறு இருக்கை. வந்தவர்களோ நூற்றிருபது பேர். அதிலும் பாதிப் பேர் வெளியே காபி மேசையைச் சுற்றிப் பழகிக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு மேலே பெரிய திரையில் 'வருகை: 61' என்று சிவப்பாக மின்னியது. கூரையில் மாட்டிய கேமரா ஒவ்வொரு தலையையும் தானே எண்ணிக்கொள்ளுமாம்.

ஒருங்கிணைப்பாளர் அம்மாள் பதறவில்லை. கிடங்கைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டுக்கட்டாக மனித அட்டைகள். இடுப்புவரைக்கும் ஆணும் பெண்ணுமாய்ச் சிரிக்கிற குடிமக்கள்.

"போன மாநாட்டுல மிச்சம். கிழிஞ்சதை ஒட்டுங்க, காலியா இருக்கிற சீட்ல உட்கார வையுங்க. போட்டோ சம்பந்தப்பட்ட வேலை, உங்களுக்குத்தான் சரியா வரும்."

போட்டோக்காரர் குடிமக்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசை வரிசையாக உட்கார வைத்தார். ஒவ்வொன்றை வைக்கும்போதும் திரையில் எண் ஏறியது. கடைசியில் '487' என்று பச்சையாகி நின்றது. கேமராவுக்கு அட்டையும் ஆள்தான்.

ஆனால் பக்கத்திலேயே 'கவனம்: 9 சதவீதம்' என்று இன்னொரு எண் இருந்தது. அது மட்டும் அசையவில்லை.

"முன்வரிசைங்கள்ல கண் சிமிட்டுறதை வச்சுக் கணக்குப் பண்ணுது" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் நகத்தைக் கடித்தபடி. "அட்டை சிமிட்டாது. ஒரு பிளேடு எடுங்க. முன்னால மூணு வரிசை அட்டைக்குக் கண்ணைத் தோண்டுங்க. தன்னார்வலர்ல முப்பது பேர் பின்னால உட்கார்ந்து, ஓட்டை வழியாச் சிமிட்டுங்க. மெதுவாச் சிமிட்டாதீங்க, தூக்கம்னு காட்டும்."

முப்பது வருஷமாக முகங்களைப் பார்த்துப் பிழைப்பவர் போட்டோக்காரர். கண் மூடிய படத்தைத் திரும்ப எடுப்பார், மரு தெரிந்தால் மறைப்பார், மாப்பிள்ளைக்கு வழுக்கையை நிரப்புவார். ஒரு முகத்திலிருந்து கண்ணைப் பிடுங்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முப்பது ஜோடியைத் தோண்டினார். பிறகு அவரும் ஒரு அட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அவருக்குக் கிடைத்த குடிமகன் இளைஞன், கையில் மடிக்கணினியோடு சிரித்துக்கொண்டிருந்தான். கவனம் தொண்ணூற்றாறு சதவீதத்துக்குப் பாய்ந்தது. மண்டபமே கைதட்டியது. இருந்த அறுபத்தொரு பேரும்தான்.

இயக்குநர் மேடை ஏறினார். நல்ல களையான முகம். இந்த முகத்தைத்தான் மூன்று நாளாகத் தேடுகிறோம் என்று போட்டோக்காரர் நினைத்துக்கொண்டார். பத்தே அடி தூரம். அட்டை மட்டும் குறுக்கே இல்லாவிட்டால் அவர் கண்ணும் இவர் கண்ணும் நேருக்கு நேர்.

"நண்பர்களே!" என்றார் இயக்குநர். "ஒரு காலத்துல எங்க அலுவலக வாசல்ல தினமும் முந்நூறு பேர் வெயில்ல நிப்பாங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கும். இன்னைக்குப் போய்ப் பாருங்க, ஒரு ஈ காக்கா இல்ல. எப்படிச் சாதிச்சோம்? அலுவலகத்தைப் பூட்டிட்டோம்!"

கைதட்டல்.

"போன வருஷம் எட்டு லட்சம் புகார். இந்த வருஷம் வெறும் பதினோராயிரம். மக்கள் சந்தோஷமா இருக்காங்கங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? செயலியில ஒரே ஒரு சின்ன மாற்றம்தான் பண்ணினோம். புகார் கொடுக்கறதுக்கு முன்னாடி இருபத்திரண்டு கேள்வி. ஆறாவது கேள்வியிலயே பெரும்பாலான பிரச்சனை தானாச் சரியாயிடுது!"

மறுபடியும் கைதட்டல். ஏரி அக்கா பக்கத்து அட்டைக்குப் பின்னாலிருந்து, "நான் பத்தொன்பதாவதுவரைக்கும் போயிருக்கேன்" என்று முணுமுணுத்தாள்.

"முத்தாய்ப்பா ஒண்ணு சொல்றேன். சிகிச்சை மையங்கள்ல போன ஞாயிற்றுக்கிழமை முகம் பார்க்கிற முறையைக் கொண்டுவந்தோம். ஒரே வாரத்துல டயாலிசிஸ்க்கு வர்றவங்க நாற்பது சதவீதம் குறைஞ்சுட்டாங்க. நாற்பது சதவீதம்! யோசிச்சுப் பாருங்க. இத்தனை வருஷமா எவ்வளவு பேர் நோயாளின்னு சொல்லி நம்மளை ஏமாத்திட்டு இருந்திருக்காங்க!"

மண்டபம் அதிர்ந்தது. போட்டோக்காரருக்குக் காது அடைத்துக்கொண்டது. மூன்று வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் அந்தக் கட்டிலில் கையை நீட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தவள் ஏமாற்றிக்கொண்டிருந்தாளாம். அடப்பாவி! தோண்டிய கண் ஓட்டைகளுக்குப் பின்னால் அவருக்குக் கண்ணீர் பொங்கியது. படபடவென்று இமைத்தார். மேலே திரையில் கவனம் தொண்ணூற்றெட்டு சதவீதத்தைத் தொட்டது.

பன்னிரண்டு மணிக்குப் 'பழகும் நேரம்' என்று அறிவித்தார்கள். பேராளர்கள் ஒருவர் போனை ஒருவர் போனுக்கு முன்னால் காட்டினார்கள்; இரண்டு போனும் டிங் என்றன; அத்தோடு பழகியாயிற்று. முகம் பார்க்க யாருக்கும் நேரமில்லை. தன்னார்வலர்கள் டீத் தட்டுகளோடு நடுவில் நீந்திக்கொண்டிருந்தார்கள். போட்டோக்காரர் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு நேராக இயக்குநரிடம் போனார். விதியாவது மண்ணாவது!

"ஐயா, டீ."

"தேங்க்ஸ்."

"ஐயா, என் சம்சாரத்துக்கு டயாலிசிஸ். முகம் வீங்கிப்போச்சு. கேமரா ஒத்துக்க மாட்டேங்குது. நாலு மணிக்குள்ள ஏத்தலேன்னா உயிருக்கே ஆபத்துன்னு நர்ஸ் சொல்றாங்க. உங்க போன்ல ஒரு பட்டன் இருக்காமே..."

இயக்குநரின் முகம் நிஜமாகவே கனிந்தது. அந்த மனுஷர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. போட்டோக்காரரின் தோளில் கை வைத்தார். "ரொம்ப முக்கியமான விஷயம் இது. அதனாலதான் சொல்றேன், இதை என்கிட்ட சொல்லாதீங்க."

"ஐயா?"

"நேர்ல கேட்டா அது சிபாரிசு ஆயிடும். ஆன்லைன்ல கேட்டாத்தான் வெளிப்படைத்தன்மை. என் பக்கத்தை டேக் பண்ணி ஒரு பதிவு போடுங்க. என் டீம் கண்ணும் கருத்துமாப் பார்ப்பாங்க."

"ஐயா, நீங்கதான் இங்கயே நிக்கிறீங்களே."

"நான் இங்க நிக்கிறேன். ஆனா நான் இருக்கிறது அங்க" என்று இயக்குநர் தன் போனைக் காட்டிவிட்டு, டிங் என்ற சத்தம் வந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

போட்டோக்காரர் கழிப்பறை ஓரமாக நின்று பதிவு போட்டார். கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிட்டது: 'உங்கள் அன்புக்கு நன்றி! எங்கள் பயணத்தில் தொடர்ந்து இணைந்திருங்கள்.' கூடவே ஒரு சிவப்பு இதயம். மகளிடமிருந்தும் ஒரு செய்தி வந்திருந்தது. 'அம்மாவால படுக்க முடியல. உட்கார்ந்தேதான் இருக்காங்க. பார்த்தாச்சாப்பா?'

இரண்டு மணிக்கு மாநாட்டின் உச்சகட்டம். 'புகாரிலிருந்து புன்னகைக்குத் தொண்ணூறு விநாடி' என்று நேரடிச் செய்முறை விளக்கம். ஒரு சாமானியக் குடிமகன் மேடையில் வைத்துப் புகார் கொடுப்பார். இயக்குநர் அங்கேயே தீர்த்து வைப்பார். சாமானியராக நடிக்க ஒரு நாடக நடிகரை ஏற்பாடு செய்திருந்தார்கள். சாமானியராகத் தெரிய வேண்டுமென்று அவர் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு வந்து, மண்டப வாசலில் மாட்டியிருந்த கேமரா முகம் ஒத்துப்போகவில்லை என்று சொல்லிவிட, வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஐயோ, ஒரு சாமானியன் வேணுமே!" ஒருங்கிணைப்பாளர் அம்மாள் மூன்று போனிலும் மாறி மாறிக் கத்தினார். பிறகு கண்ணில் பட்ட போட்டோக்காரரின் டீ-சர்ட் கழுத்தைப் பிடித்து இழுத்தார். "நீங்க போங்க. பார்க்கவும் பரிதாபமா இருக்கீங்க, பொருத்தமா இருக்கும். டேப்லட்ல 'தெருவிளக்கு எரியவில்லை'ன்னு ஏற்கெனவே அடிச்சு வச்சிருக்கு. அனுப்பு பட்டனை மட்டும் தொடுங்க. வாயைத் திறக்காதீங்க."

மேடை விளக்கில் கண் கூசியது. கையில் டேப்லட். எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இயக்குநர். இனி என்ன வந்தால் என்ன? போட்டோக்காரர் தெருவிளக்கை அழித்தார். மனைவியின் சிகிச்சை அட்டை எண்ணை அடித்தார். அது அவருக்குத் தலைகீழாகத் தெரியும். 'என் மனைவிக்கு டயாலிசிஸ் பூட்டைத் திறந்து விடுங்கள். இன்று நான்கு மணிக்குள். கும்பிட்டுக் கேட்கிறேன்.' அனுப்பினார்.

பெரிய திரையில் அந்த எழுத்துகள் ஆளுயரத்துக்கு விழுந்தன. மேடை ஓரத்தில் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். இயக்குநர் ஒரு விநாடிதான் திணறினார், அதிகாரி அல்லவா?

"பாருங்க!" என்று குரலை உயர்த்தினார். "எழுதிக் கொடுத்த புகார் இல்ல, உண்மையான புகார்! உண்மையான குடிமகன்! இந்த அமைப்பு எதுக்கும் தயார்னு இதோ காட்டுறேன்." போனை உயர்த்திப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

'தீர்க்கப்பட்டது. எடுத்துக்கொண்ட நேரம்: 41 விநாடி.'

கூரையிலிருந்து வண்ணக் காகிதம் கொட்டியது. நூற்றிருபது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். காபி மேசைக்காரர்கள்கூட ஓடி வந்துவிட்டார்கள். போட்டோக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இயக்குநரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். பிழைத்துவிட்டாள், பிழைத்துவிட்டாள் என்பதைத் தவிர அவர் மனசில் வேறு ஒன்றுமே ஓடவில்லை.

இறங்கியதும் மகளைக் கூப்பிட்டார். "திறந்துடுச்சாம்மா?"

"இன்னும் சிவப்புதான்பா."

"நல்லாப் பாரு. தீர்ந்துடுச்சும்மா, நானே என் கண்ணால பார்த்தேன்."

"இப்பக்கூட அம்மா போய் நின்னாங்கப்பா. ஒத்துப்போகலைன்னுதான் சொல்லுது." என்றாள் மகள். "நிக்கவே முடியலப்பா அவங்களால."

போட்டோக்காரர் ஒருங்கிணைப்பாளர் அம்மாளிடம் ஓடினார். அவர் மேடைப் படத்தைப் பதிவேற்றிக்கொண்டே பொறுமையாக விளக்கினார். பொறுமைக்குக் குறைச்சலே இல்லை.

"சார், தீர்க்கப்பட்டதுன்னா புகார் தீர்ந்துச்சுன்னு அர்த்தம். பிரச்சனை தீர்றது வேற பிரிவு."

"ஐயா பட்டனை அமுக்கினாரேம்மா!"

"அது புகாரை மூடுற பட்டன். பூட்டைத் திறக்கிற பட்டன் அவரோட பழைய போன்ல இருக்கு. மாநாட்டுக்காகப் புதுப் போன் கொடுத்திருக்காங்க. பழசு ஆபீஸ் மேசைக்குள்ள பத்திரமா இருக்கு."

"ஆபீஸ் பூட்டியிருக்கே."

"ஆமா, அதனாலதான் பத்திரமா இருக்கு."

"அப்ப நான் திரும்பவும் புகார் கொடுக்கறேன்."

"தீர்ந்த புகாரை முப்பது நாளைக்குத் திறக்க முடியாது சார். திறந்தா சராசரி கெட்டுடும். நாற்பத்தொரு விநாடி! இதுவரைக்கும் யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்ததில்ல. நீங்க சந்தோஷப்படணும்." மேலே திரையைப் பார்த்தவர் முகம் சுளித்தார். "அச்சச்சோ, மூணாவது வரிசையில கவனம் குறையுது. போய் அட்டையை மாட்டுங்க, ஓடுங்க."

மணி இரண்டே முக்கால். போட்டோக்காரர் போய் உட்கார்ந்தார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. உடம்பு தானாகச் சொன்னதைச் செய்தது. மடிக்கணினி இளைஞனின் முகத்தை எடுத்துத் தன் முகத்தில் வைத்தார். இமைத்தார். திரையில் எண் ஏறியது. இமைப்பதை நிறுத்தினார். எண் இறங்கியது. மறுபடி இமைத்தார், ஏறியது.

அட்டையை மெல்லக் கீழே இறக்கி, தான் காலையில் தோண்டிய அந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்தார். அப்போதுதான் பொறி தட்டியது. மூன்று நாளாக இயக்குநரைத் தேடி அலைந்தோமே, மடையன், மடையன்! கேமராவுக்கு வேண்டியது அவள் இல்லை. சிகிச்சை அட்டையில் அச்சான அந்தப் பழைய முகமும் இமைக்கிற இரண்டு கண்ணும்தான். பழைய முகம் அவருடைய ஸ்டூடியோவில் இருக்கிறது. அதை எடுத்ததே அவர்தான்.

எழுந்தவரை ஏரி அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள். "எங்க போறீங்க? ஆள் குறைஞ்சா அந்த அம்மா கண்டுபிடிச்சுடும்."

அவள் காதோடு நாலே வார்த்தை சொன்னார். ஏரி அக்கா மடிக்கணினி இளைஞனை வாங்கித் தன் இன்னொரு கையில் பிடித்துக்கொண்டாள். "ஓடுங்க. உங்களுக்கும் சேர்த்து நான் சிமிட்டுறேன்."

ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கும்போது மணி மூன்று பத்து. கணினியில் 'வீடு' என்ற கோப்புக்குள் அந்தப் படம் இருந்தது. சிகிச்சை அட்டைக்காக மூன்று வருஷம் முன்னால் எடுத்தது. அப்போதே அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழ ஆரம்பித்திருந்தது. மனசு கேட்காமல் அதை அழித்து, கன்னத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டியிருந்தார். நிஜ முகத்தின் அளவுக்கு அச்சடித்தார். தடித்த அட்டையில் ஒட்டினார். ஓரத்தை வெட்டினார். பிறகு பிளேடைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோனவருக்குக் கை நின்றுவிட்டது.

மண்டபத்தில் முப்பது ஜோடியைத் தோண்டிய கைதான். இந்த ஒரு ஜோடிக்கு மட்டும் இறங்க மறுத்தது. "மன்னிச்சுக்கோடி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வெட்டினார்.

மையத்துக்குள் அவர் நுழைந்தபோது மூன்று நாற்பத்தெட்டு. மஞ்சள் டீ-சர்ட்டைக் கழற்றக்கூட இல்லை. மனைவி சக்கர நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். மகள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அட்டையைப் பார்த்ததும் மகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நர்ஸுக்கும் புரிந்தது. அவர் வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் பஞ்சு எடுக்க உள்ள போறேன்ணே" என்றார். "எதையும் பார்க்கல."

மகள் நாற்காலியைக் கேமராவுக்கு முன்னால் தள்ளினாள். போட்டோக்காரர் மண்டியிட்டு, மனைவியின் முகத்துக்கு முன்னால் அவள் முகத்தைப் பிடித்தார்.

"என்னங்க இது?" உள்ளேயிருந்து குரல் கம்மிக்கொண்டு வந்தது.

"நீதான். ஓட்டை வழியாப் பாரு."

"கண்ணைச் சிமிட்டவும்" என்றது கேமரா.

வீங்கிய இமைகள் ஓட்டைக்குப் பின்னால் சரியாகத் திறக்கவில்லை. சிவப்பு மின்னியது. "அம்மா, பெருசா முழிம்மா, கோபமா அப்பாவைப் பார்ப்பியே, அந்த மாதிரி" என்று மகள் அழுதுகொண்டே சொன்னாள். அட்டைக்குள் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. கண் விரிந்தது. ஒரு இமைப்பு. இன்னொன்று.

பச்சை.

"வணக்கம்! உங்களை மீண்டும் சந்திப்பதில் மகிழ்ச்சி" என்று கொஞ்சியது பெண் குரல். அலமாரிப் பூட்டு கிளிக் என்று திறந்துகொண்டது. கையில் பஞ்சே இல்லாமல் நர்ஸ் ஓடி வந்தார்.

கையில் ஊசி ஏறி, குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்த பிறகுதான் போட்டோக்காரர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் தன் போனை அவரிடம் நீட்டினார். "அண்ணே, இது நீங்கதானே?"

இயக்குநரின் பக்கத்தில் அவர் படம். பதினோராயிரம் பேர் விரும்பியிருந்தார்கள். 'நாற்பத்தொரு விநாடியில் நீதி. ஒரு சாமானியனின் ஆனந்தக் கண்ணீர்.' தொழில்காரர் கண்ணுக்கு உடனே பிடிபட்டது: அழுகையில் கோணிய வாயின் இரண்டு ஓரத்தையும் மேலே இழுத்துச் சிரிப்பாக்கியிருந்தார்கள். சுத்தமான வேலை. அவரே செய்திருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

மனைவி மடியில் கிடந்த அட்டையை ஊசி இல்லாத கையால் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இவ்வளவு அழகாவா இருந்தேன்?"

"கொஞ்சம் டச்சப் பண்ணினேன்."

"கொஞ்சமா?" என்றாள். மூச்சு இன்னும் முழுசாகச் சீராகவில்லை. கண் இல்லாத அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அட்டையை அவரிடம் நீட்டினாள்.

"கசக்காம எடுத்து வையுங்க. திங்கக்கிழமைக்கு வேணும்."